பெட்டிக்காரன் இறங்கிய இடம்

பிப்ரவரி 3

மாமாவுக்கு வணக்கம்.

நானும் அப்பாவும் சௌக்கியம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். பாதி பொய் என்பதால் அடித்துவிட்டேன். நான் சௌக்கியம். அப்பா தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஃபோனில் நான் ஒன்று கேட்டால் உங்கள் காதில் இன்னொன்று விழுகிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். அந்தப் பழைய கேஸைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். போன வாரம் புது விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். சின்ன வயசு, பேச்சுக்குப் பேச்சு இருமல். உங்களையும் தேடி வருவார், ஆகவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருவன், உள்ளே வெடிகுண்டு என்று சொல்லி விமானத்தைக் கடத்தினான். வழியில் இறக்கி, ஒரு பணப்பையையும் பாராசூட்டையும் வாங்கிக்கொண்டு, பயணிகளையும் பணிப்பெண்களையும் விட்டுவிட்டான். மறுபடி கிளம்பியபோது மிஞ்சியது விமானி அப்பா, எஞ்சினியர் நீங்கள், பின்னால் அவன். தெற்கே பறக்கச் சொன்னான். வழியில் பின்கதவு வழியாகக் குதித்துவிட்டான். அவன் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நேராகப் பறந்தோம் என்று நீங்கள் இருவரும் சாட்சி சொன்னீர்கள். அந்த நேர்கோடு அணையின் நீர்த்தேக்கத்துக்கு மேலே போகிறது. அதனால் தண்ணீருக்குள் தேடினார்கள், ஒரு நூல்கூட அகப்படவில்லை. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்த கதை.

தெரியாதது இனிமேல். நேராகப் பறந்திருந்தால் இவ்வளவு எரிபொருள் செலவாகியிருக்காதாம். விமானம் வேறெங்கோ போயிருக்கிறது, பேசிவைத்த இடத்தில் விமானி தன் கூட்டாளியை இறக்கிவிட்டிருக்கிறார் என்கிறார் இருமல் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார்.

“நேராத்தான் போனேன்” என்றார் அப்பா. எழுந்துபோய்ப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் ஊற்றியிருந்தார்.

அறிக்கை செப்டம்பரில் மேலே போகிறது. அதற்குள் அப்பா மேல் தப்பில்லை என்று காட்டாவிட்டால், இந்த வயதில் அவர் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். நான் குடிநீர் வாரியத்தில் வரைபடம் வரைகிறவள். மண்ணுக்கடியில் ஓடுகிற குழாய்க்கு மேலே நின்றபடி கோடு போடுகிறவளுக்கு, ஆகாயத்தில் போன விமானத்துக்கு ஒரு கோடு போட வராதா? போட்டுக் காட்டப் போகிறேன். எரிபொருள் ஏன் அதிகம் செலவானது என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்துத்தான் பென்சில் சீவுவேன்.

மருமகள்

---

பிப்ரவரி 22

வாலு மருமகளுக்கு,

மாமா உயிரோடு இருக்கிறேன். முழங்கால் தன் பாட்டில் வலிக்கிறது, நான் என் பாட்டில் நடக்கிறேன். காது இரண்டையும் என்றைக்கோ எஞ்சினுக்குத் தானம் செய்தாயிற்று. அப்பாவைச் சாப்பிடச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே, சொன்னால் வீம்புக்குச் சாப்பிட மாட்டார்.

எரிபொருளுக்குக் காரணம் எதிர்க்காற்று. அன்றைக்கே சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். போதாக்குறைக்குப் பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. கதவு திறந்த விமானம் எப்படிக் குடிக்கும் என்று உன் இருமல் அதிகாரிக்கு என்ன தெரியும்? அவர் பிறந்திருக்கவே மாட்டார்.

கோடு போடுவது உன் தொழில், நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒரு கோட்டை மட்டும் விட்டுவிடேன். அவர்கள் கேஸை அவர்கள் கட்டிக்கொண்டு அழட்டும். உன் ஆபீஸில் மாடிப்படி வழுக்குகிறது என்றாயே, சரி செய்தார்களா?

பக்கம் தீர்ந்துவிட்டது, அதனால் நிறுத்துகிறேன்.

மாமா

---

மார்ச் 17

மாமாவுக்கு,

சுகம்தானே? மாடிப்படியைச் சரி செய்துவிட்டார்கள். பேச்சை மாற்றும் சாமர்த்தியத்தில் உங்களை மிஞ்ச ஆளில்லை, ஆனால் நான் உங்கள் தங்கை பெற்றவள்.

வானிலை அலுவலகத்தில் எனக்கு ஒரு சிநேகிதி உண்டு. மழைக்கணக்கு கேட்டுப் போகும்போது பழக்கம். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பழைய காகித அறையில் இறங்கித் தேடி, அன்று மாலை மலையடிவார நிலையத்தில் பலூன் விட்டு அளந்த காற்றின் விவரத்தை எடுத்துத் தந்தாள். இத்தனை வருஷத்தில் அதை யாரும் வந்து கேட்கவே இல்லையாம்.

எதிர்க்காற்றே இல்லை மாமா. காற்று பக்கவாட்டில் வீசியிருக்கிறது.

சாப்பாட்டு மேஜையில் மேப்பை விரித்தேன். மலை உச்சி ரேடியோ கம்பத்தைத் தாண்டியதும் அப்பா தகவல் சொல்லியிருக்கிறார், அங்கே ஒரு குண்டூசி. இறங்கிய விமான நிலையத்தில் இன்னொரு குண்டூசி. பின்கதவு திறந்து கிடந்ததையும் கணக்கில் சேர்த்து, செலவான எரிபொருளுக்கு எவ்வளவு தூரம் பறக்கலாமோ அவ்வளவு நீளத்துக்கு நூல் வெட்டி, இரண்டு ஊசியிலும் கட்டினேன். நூலை இழுத்துப் பிடித்துப் பென்சிலை ஓட்டினால் முட்டை வடிவம் வருகிறது. விமானம் அதற்குள்தான் எங்கேயாவது போயிருக்க வேண்டும். கிழக்குப் பக்கம் அந்த உயரத்தில் போனால் மலையில் மோதும். ஆகவே மேற்கு. நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே போயிருக்கிறீர்கள்.

அப்பா சாப்பிட வந்தார். ஊசியையும் நூலையும் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றபடியே சாப்பிட்டார்.

கேட்க நாக்கு கூசுகிறது. அப்பா பேரைச் சுத்தப்படுத்தத்தான் உட்கார்ந்தேன். கோடு திருத்தமாக ஆக ஆக, இருமல் அதிகாரி சொன்னதுதான் சரியென்று வருகிறது. நீங்கள் இருவரும் அவனோடு சேர்ந்துதான் செய்தீர்களா? ஆமாம் என்றாலும் அப்பா எனக்கு அப்பாதான். காதில் பூ மட்டும் சுற்றாதீர்கள்.

மருமகள்

---

ஏப்ரல் 26

மருமகளுக்கு,

இங்கே வெயில். டாக்டர் முழங்காலுக்கு ஒரு உறை மாட்டியிருக்கிறார், அரிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார். உன் கடிதம் வந்தது.

அப்பாவிடம் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

---

மே 5

மாமாவுக்கு,

உங்கள் முழங்கால் உறை அரிப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆறு வாரம் தபால்காரரைக் கண் பூக்கப் பார்த்திருந்தவளுக்கு இரண்டு வார்த்தையா?

அப்பாவிடம் கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? “உன் மாமாவைக் கேளு.” நல்ல ஜோடி. என்னை நடுவில் பந்தாக வைத்து விளையாடுகிறீர்கள்.

கோபத்தில் வேறு வேலை பார்க்கலாம் என்று ஆபீஸிலிருந்து நீர்த்தேக்கத்தின் பழைய வரைபடத்தைக் கொண்டுவந்தேன். அணை கட்டுவதற்கு முன் அளந்தது, பள்ளத்தாக்கு முழுக்க வயல். ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினால், அப்பா அதன் முன்னால் நிற்கிறார். இவ்வளவு நாளும் மேஜைப் பக்கமே வராதவர். வயலின் மேல் விரலை வைத்தார்.

“இதுவும் பழைய மேப்தான்” என்றார். “இதே மாதிரிதான் இருந்துது.”

“எது மாதிரிப்பா?”

கண் கலங்கியிருந்தது. அறைக்குள் போய்விட்டார்.

ராப்பகலாக அதையே நினைத்தேன். அணை முதல்முதலாக நிரம்பியது விமானம் கடத்தப்பட்ட அதே வருஷம்தான், எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். மாமா, ஒன்றே ஒன்று சொல்லுங்கள், மற்றதை நான் கேட்கவில்லை. பெட்டிக்காரன் கையில் இருந்தது பழைய மேப்பா?

மருமகள்

---

மே 16

என் மருமகளே,

நலமாக இரு. நீ ஜெயித்தாய். ஆமாம், பழைய மேப்.

உன் அப்பா வாய் திறக்காமல் நான் திறக்கக்கூடாது என்று இருந்தேன். மேப்பில் விரலை வைத்தாரே, எனக்கு அது போதும். கேட்டுக்கொள்.

கிளம்பியதும் அவன் முன்னால் வந்து உன் அப்பா மடியில் மேப்பைப் போட்டான். பள்ளத்தாக்கில் ஓர் இடத்தை வட்டமிட்டிருந்தான். “இதுக்கு மேலே வந்ததும் மணி அடி” என்றான். பெல்ட் போடச் சொல்லி அடிக்கிற மணி. உன் அப்பா மேப்பைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். வட்டத்துக்குள் வயல் இருந்தது. நாங்கள் அந்த வழியிலேயே போய் வருகிறவர்கள், அந்த வருஷ மழையில் வயலெல்லாம் முங்கிப்போனதைக் கண்ணால் பார்த்தவர்கள். அன்று கீழே மேகம் மூடியிருந்தது. அவனுக்கு எப்படித் தெரியும்?

“தம்பி, இது பழசு. அங்கே இப்ப அணை கட்டிட்டாங்க. தண்ணியில விழுவே” என்றார் உன் அப்பா.

“கதை விடாதே” என்று பெட்டியைத் தட்டிக் காட்டினான். இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். “மணி அடிக்கிறது மட்டும்தான் உன் வேலை” என்று சொல்லிவிட்டுப் பின்னால் கதவோரம் போய்விட்டான்.

பாராசூட்டோடு தண்ணீரில் விழுந்தால் துணியும் கயிறும் சுற்றிக்கொள்ளும், நீச்சல் தெரிந்தவனும் தேறமாட்டான். “விடு மாப்பிள்ளை, சொல்லியாச்சு, விழட்டும்” என்றேன் நான். உன் அப்பா மேற்கே திருப்ப ஆரம்பித்தார். டம்ளரில் தண்ணீர் இருந்தால் அலுங்கியிருக்காது, அவ்வளவு மெதுவாக. அதிகமாகத் திருப்பினால் அவனுக்குத் தெரிந்துவிடும், எங்கள் கதை முடிந்தது. குறைவாகத் திருப்பினால் அவன் கதை முடிந்தது. கரையைத் தாண்டியிருப்போம் என்று தோன்றிய இடத்தில் மணி அடித்தார். வால் பக்கம் ஓர் உதறல். அவன் போய்விட்டான்.

“ஏன் மாப்பிள்ளை?” என்றேன். “தெரிஞ்சே எப்படித் தண்ணியில போடறது?” என்றார்.

கீழே இறங்கியதும் முதல் கேள்வி, அவன் சொன்னபடி நேராகப் பறந்தீர்களா என்பது. அவனைக் காப்பாற்றத் திருப்பினோம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கூட்டாளி முத்திரை குத்தியிருப்பார்கள். ஆமாம் என்றோம். எரிபொருளுக்கு எதிர்க்காற்று என்று நான் ஒரு போடு போட்டேன். அதற்குப் பிறகும் சந்தேகம் போகவில்லை, உன் அப்பாவை விமானத்திலிருந்து இறக்கி மேஜை வேலையில் உட்கார வைத்தார்கள். அது உனக்குத் தெரியும்.

எனக்கு அவன்மேல் அன்றும் இரக்கமில்லை, இன்றும் இல்லை. உன் அப்பாவைப் பற்றி நீ வேறு மாதிரி நினைத்துவிடக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். அவருக்கு என் அன்பைச் சொல். இந்தத் தடவை நான் சொன்னதாகவே சொல்.

மாமா

---

ஜூன் 2

மாமாவுக்கு ஆயிரம் நமஸ்காரம்.

உறை அரிப்பது நின்றதா? நிற்கட்டும் என்று இப்போது மனதார வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பா முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். “உன் மாமன் கையெழுத்து இன்னும் கோணல்தான்” என்றார். அப்புறம் பேசினார் மாமா. இந்த ஜனவரிக்கு அப்புறம் சேர்ந்தாற்போல் அவர் அவ்வளவு பேசியதே இல்லை.

அவருக்குக் கோர்ட்டைப் பற்றிக் கவலையே இல்லை. நான்தான் கிடந்து பதறியிருக்கிறேன். அவரைத் தின்றுகொண்டிருப்பது வேறு. “நான் போதுமான அளவு திருப்பினேனா?” என்று கேட்கிறார். மலைமேல் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று அன்று உங்கள் இருவருக்கும் தெரியாதாம். கரையைத் தாண்டி இறக்கியவனைக் காற்று திரும்பத் தண்ணீருக்கே தள்ளியிருந்தால்? நீருக்குள் தேடினபோது தினமும் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பாராம். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அவன் பிழைத்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம், ஆழத்தில் கிடக்கிறான் என்றும் வைத்துக்கொள்ளலாம். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை என்றார்.

“அந்தக் காத்து விவரம் எங்கிட்ட இருக்குப்பா” என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ போட்டுப் பாரு” என்றார்.

ஆக, இனி என் வேலை அப்பா எந்த வழியில் போனார் என்று கண்டுபிடிப்பதல்ல. பெட்டிக்காரன் எங்கே இறங்கினான் என்று சொல்ல வேண்டும். மணி அடித்தபோது, ரேடியோ கம்பத்தின் திசையைக் காட்டும் முள் எங்கே நின்றது என்று அப்பாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாராசூட் எவ்வளவு நேரம் மிதக்கும் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன் மருமகள்

---

ஜூன் 29

மாமாவுக்கு,

நீங்கள் அனுப்பிய துண்டுச்சீட்டு கிடைத்தது. உங்கள் நலம் கேட்கக்கூட இப்போது தெம்பில்லை, மன்னியுங்கள்.

கோடு போட்டேன். அழித்துவிட்டு மறுபடி போட்டேன். எத்தனை தடவை போட்டாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. அப்பா சரியாகத்தான் திருப்பியிருக்கிறார், மணி அடித்தது கரைக்கு மேலேதான். ஆனால் காற்று அவனைக் கிழக்கே தள்ளியிருக்கிறது. காகிதத்தில் ஒரு விரற்கடை அகலம். தண்ணீரில்தான் விழுந்திருக்கிறான்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. அப்பா வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். “தண்ணியிலதாம்ப்பா” என்றேன். வரைபடத்தைக் காட்டப் போனேன், வேண்டாம் என்று கையசைத்தார். மற்ற செருப்பையும் துடைத்து முடித்தார். இப்போது நாலு நாளாக எழுந்திருக்கவில்லை. கஞ்சி மட்டும். டாக்டர் வந்து இரத்த அழுத்தம் என்கிறார்.

நான் ஏன் மாமா இதில் மூக்கை நுழைத்தேன்? தெரியாமல் இருந்தவரைக்கும் அவருக்குப் பாதி நம்பிக்கையாவது இருந்தது. அதையும் நான் பிடுங்கிவிட்டேன். வரைபடத்தின் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். வீட்டில் வைத்திருக்கப் பிடிக்கவில்லை. நீங்களே கிழித்துப் போடுங்கள்.

மருமகள்

---

ஜூலை 4

அவசரம். நலம் விசாரிப்பு அடுத்த கடிதத்தில்.

கிழிக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடியே வாலு, காற்றுக்கு அம்புக்குறியை எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறாய்?

நீ குடிநீர் வாரியத்துக்காரி. உங்கள் வரைபடத்தில் அம்புக்குறி தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே பார்க்கும், தொண்ணூறு பாகை என்றால் கிழக்கே ஓடுகிறது. எந்தக் குழாய்க்காரனும் அப்படித்தான் போடுவான். வானிலைக்காரர்கள் அப்படி இல்லை. காற்று எங்கேயிருந்து வருகிறதோ அந்தத் திசையைத்தான் எழுதுவார்கள். தொண்ணூறு பாகை என்றால் கிழக்கேயிருந்து வந்து மேற்கே போகிற காற்று. தென்றல் தெற்கேயிருந்துதானே வருகிறது, தெற்கே போகிறதா? விமானத்தில் ஏறின நாளிலிருந்து எங்களுக்கு இது பாலபாடம். உன் அப்பா அந்தக் காகிதத்தை ஒரு பார்வை பார்த்திருந்தால் அங்கேயே உன் காதைத் திருகியிருப்பார். அவர் பார்க்கவில்லை, நீ காட்டவில்லை.

என் பேச்சை நம்பாதே, நான் எதிர்க்காற்று விட்டவன். உன் சிநேகிதியைக் கேட்டுவிட்டு அம்பைத் திருப்பிப் போடு. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்காமலே ஓடு.

மாமா

---

ஜூலை 20

மாமாவுக்கு,

இன்று உங்கள் முழங்கால், காது, கண், எல்லா உறுப்புகளின் நலத்தையும் விசாரிக்கிறேன்.

படித்து முடிக்காமலே ஓடினேன். சிநேகிதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எங்கேயிருந்து வருதோ அதுதான். வேற எப்படி எழுதுவாங்க?” என்றாள். அவள் மேஜையிலேயே மேப்பை விரித்து அம்பைத் திருப்பினேன். அவன் தண்ணீரை விட்டு இன்னும் விலகிப் போகிறான் மாமா. மேற்கே, புல் முளைத்த ஒரு மலைச்சரிவில் போய் இறங்குகிறான். நல்ல தரை.

இந்தத் தடவை வாயால் சொல்லவில்லை. கட்டிலில் அவர் பக்கத்தில் வரைபடத்தையும் பலூன் விவரத்தையும் வைத்துவிட்டு, டீ போடப் போனேன். திரும்பி வந்தால் எழுந்து உட்கார்ந்து, தானே ஸ்கேலை வைத்து அளக்கிறார். “முதல்ல எப்படிப் போட்டே?” என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், புரை ஏறி நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. “இத்தனை நாள் என்னைச் சாகடிச்சியே, குழாய்க்காரி” என்கிறார். இப்போது வீட்டில் என் பெயர் அதுதான்.

மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, “வா, இருமல்காரர் ஆபீஸுக்குப் போலாம்” என்றார். எல்லாவற்றையும் சொல்லப் போகிறாராம். நேராகப் பறந்தேன் என்று பொய் சொன்னதற்குத் தண்டனை கிடைத்தால் கிடைக்கட்டுமாம். கோடு சரியா என்று தரையில் இறங்கித் தேடிப் பார்க்க அவர்களால்தான் முடியும் என்கிறார். எனக்குப் பயம்தான், ஆனால் தடுக்க மனசு வரவில்லை.

சொல்லிவிட்டோம். அதிகாரி ரொம்ப நேரம் வரைபடத்தைப் பார்த்தார். “உங்களை மிரட்டினவனை எதுக்கு சார் காப்பாத்தணும்?” என்று கேட்டார். “அவனும் டிக்கெட் வாங்கித்தானே ஏறினான்” என்றார் அப்பா. அதிகாரிக்கு எழுதுவதா வேண்டாமா என்று புரியவில்லை, பேனாவை மூடித் திறந்தார். கடைசியில் மலைச்சரிவுக்கு ஆளனுப்புவதாகச் சொன்னார். உங்களிடமும் வருவார். மறைக்காமல் சொல்லுங்கள்.

குழாய்க்காரி

---

செப்டம்பர் 8

குழாய்க்காரிக்கு,

நான் சுகம். உன் அதிகாரி வந்து போனார். அவர் இருமுவது எனக்குக் கேட்கவில்லை, நான் கேட்பது அவருக்குப் புரியவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக் கத்திக் கேட்டார். அதனால் இப்போது எங்கள் தெருவுக்கே கேஸ் அத்துப்படி. எதிர்வீட்டு டெய்லர் உன் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

எல்லாம் சொன்னேன். எதிர்க்காற்று என் சொந்தச் சரக்கு என்றும் சொன்னேன். கிளம்பும்போது அதிகாரி ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார், கத்தி அலுத்துவிட்டது போல. “கூட்டாளி என்ற சந்தேகத்தை நான் கைவிட்டுவிட்டேன். பொய்ச் சாட்சிக்கு ஒரு கண்டனம் வரலாம்” என்று இருந்தது. வரட்டும், சட்டம் போட்டு மாட்டிவைக்கிறேன்.

சரிவில் ஏதாவது அகப்பட்டதா? அகப்படாவிட்டாலும் அப்பாவை மனம் தளரவிடாதே. இவ்வளவு வருஷம் கழித்து அங்கே என்ன இருக்கப் போகிறது?

மாமா

---

அக்டோபர் 14

மச்சான்,

முழங்கால் தேவலையா? எனக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாம், டாக்டர் சொன்னார். எழுத வேண்டியவள் மகள். “இதை நீங்களே எழுதுங்கப்பா” என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

போன வாரம் அதிகாரி வண்டி அனுப்பினார். நானும் மகளும் போனோம். சரிவில் ஏறும்போது மூச்சு வாங்கியது, உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். மேலேயிருந்து பார்த்தால் நீர்த்தேக்கம் தூரத்தில் கிழக்கே தெரிகிறது. அவ்வளவு தூரம் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு பாறை இடுக்கில் பாராசூட் கிடைத்தது. துணி மண்ணோடு மண்ணாக நிறம் மாறி, கொக்கிகள் துருப்பிடித்து. எண்ணைச் சரிபார்த்துவிட்டார்கள், அன்று கொடுத்த அதே பாராசூட்தான். மச்சான், அது மடித்து வைத்திருந்தது. கயிறுகளைச் சுருட்டி, துணியைச் சீராக மடித்து, காற்று அடித்துப் போகாமல் மேலே கல்லை அடுக்கி. அதிகாரி இருமக்கூட மறந்து நின்றார். “செத்தவன் மடிக்க மாட்டான் சார்” என்றார்.

சரிவுக்குக் கீழே ஒரு வண்டிப்பாதை போகிறது. அதற்குப் பிறகு ஒரு தடயமும் இல்லை. அவன் யார், எங்கே போனான் என்பது இனியும் தெரியாது, கேஸ் முடியாத கேஸாகவேதான் இருக்கும். நாம் இங்கே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் துணியை மடித்து வைத்துவிட்டு நடந்து போயிருக்கிறான். உனக்குக் கோபம் வரும், தெரியும். எனக்கு வரவில்லை.

நான் ஓட்டின காலத்தில் ஒரு பழக்கம், நீ பார்த்திருப்பாய். எஞ்சினை நிறுத்திய பிறகும் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன். பணிப்பெண் முன்னால் வந்து, எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பேன். அன்று வந்து சொல்ல யாரும் இல்லை. வண்டியில் போகும்போது இதை மகளிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். பாறைக்குப் பக்கத்தில் நான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன், அதிகாரி கிளம்பலாம் என்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. அவள் வந்து முன்னால் நின்றாள்.

“எல்லாரும் இறங்கிட்டாங்கப்பா” என்றாள்.

அழுதேன் மச்சான், அதிகாரி முன்னாலேயே. அப்புறம் எழுந்தேன்.

உன் மாப்பிள்ளை